பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு தாளை எடுங்கள்: ஃபயர்வால் பற்றி வாசகர் கேள்விகள்

நெட்வொர்க் வேலையில் எனக்கு இது 22-வது ஆண்டு. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபயர்வால் பற்றியவை, அதாவது நெட்வொர்க்கில் எது எதனிடம் பேசலாம் என்று பார்த்து விடுகிற அல்லது தடுக்கிற பெட்டி பற்றியவை. எழுதியவர்களில் பலர் பெட்டியை வாங்கிவிட்டார்கள், ஆனால் இன்னும் மாட்டவில்லை. அந்த இடைவெளியில் கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: தணிக்கை அலுவலகம் நடத்துகிறோம். 14 கணினி, ஒரு சர்வர், 2 பிரிண்டர், 8 கேமரா, ஊழியர்களுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே வை-ஃபை. ஃபயர்வால் பெட்டி வந்து மேசைமேல் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாமா மேடம்?

இந்த ஞாயிறு வேண்டாம், அதற்கடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பெட்டியைத் தொடாதீர்கள். ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும்.

முதலில் அலுவலகத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். கேபிள் செருகியது, வை-ஃபையில் சேர்ந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கடிதத்தில் எண்ணிக்கை கொடுத்திருக்கிறீர்கள். நான் போன இடங்களில் இந்தக் கணக்கு முதல் தடவையே சரியாக வந்ததில்லை. வருகைப்பதிவு இயந்திரம் விட்டுப்போகும். மேசைக்கடியில் யாரோ எப்போதோ வைத்த ஐந்து போர்ட் ஸ்விட்ச் (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) விட்டுப்போகும். இப்போதைய ரவுட்டரில் டி.எச்.சி.பி. பட்டியலை, அதாவது ரவுட்டர் தானாக முகவரி கொடுத்த கருவிகளின் பட்டியலைத் திறந்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்தும் தாளில் இல்லாத ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

அந்தப் பட்டியலிலும் தென்படாத ஒரு வகை உண்டு. ஐ.பி. முகவரியைக் கையால் பதிந்து வைத்த கருவிகள். பெரும்பாலும் பிரிண்டர்தான். அதன் சின்னத் திரையில் மெனுவுக்குள் போய் முகவரியையும் கேட்வேயையும் (வெளியே போக அது நாடும் ரவுட்டரின் முகவரி) பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பெட்டி மாட்டிய மறுநாள் காலை "பிரிண்ட் வரலியே" என்று முதலில் எழும் குரலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆறு பெயர்கள்: ஊழியர் கணினிகள், சர்வர், பிரிண்டர், கேமரா, விருந்தினர் வை-ஃபை, இணையம். அதே ஆறையும் மேல்வரிசையில் இடமிருந்து வலமாக எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, 'இவர் அவரிடம் பேச்சைத் தொடங்க வேண்டுமா, எதற்காக?' என்று கேளுங்கள்.

ஊழியர் கணினி பிரிண்டரிடம் பேச வேண்டும், அச்சிட. டி.சி.பி. 9100 அல்லது 631 என்று அந்தக் கட்டத்தில் எழுதுங்கள் (டி.சி.பி., யு.டி.பி. இரண்டும் பேசும் முறைகள், எண் என்பது போர்ட், அந்த வேலைக்கான வாசல் எண்). ஊழியர் கணினி சர்வரிடம் பேச வேண்டும். கோப்புப் பகிர்வுக்கு 445, கூடவே உங்கள் கணக்கு மென்பொருளுக்கு என்ன போர்ட்டோ அது. கேமரா இணையத்தோடு பேச வேண்டுமா? எதற்கு? நேரம் சரியாகக் காட்டத்தான் என்றால், யு.டி.பி. 123-இல் ஃபயர்வாலே நேரம் சொல்லும்படி வைக்கலாம். விருந்தினருக்கு இணையம் மட்டும், வேறெதுவும் இல்லை. பிரிண்டர் ஊழியர் கணினியிடம் பேச்சைத் தொடங்குமா? பலரும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஸ்கேன் செய்த கோப்பை யாருடைய கணினியின் ஃபோல்டருக்காவது அது அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த வேலை நின்றுவிடும். அந்த ஃபோல்டரை இப்போதே சர்வருக்கு மாற்றிவிடுங்கள், கட்டம் சுத்தமாகிவிடும்.

தொடங்குகிறவர் யார் என்பதை மட்டும் எழுதினால் போதும். இன்றைய ஃபயர்வால்கள் தொடங்கிய பேச்சை நினைவில் வைத்துக்கொண்டு அதற்கான பதிலைத் தாமாகவே உள்ளே விடும். பதிலுக்கென்று தனி ரூல் எழுதுவது வீண்வேலை, சில சமயம் ஓட்டையும்கூட.

ஆறு வரிசை, ஆறு பத்தி. எழுதி முடித்ததும் பாருங்கள், பாதிக்கு மேல் கட்டங்கள் காலியாக இருக்கும். காலியானதெல்லாம் தடை. நீங்கள் வாங்கிய ஃபயர்வால் உண்மையில் இந்தத் தாள்தான். மேசைமேல் இருக்கும் பெட்டி, தாளில் உள்ளதைச் செய்யப்போகும் காவலாள். தாள் இல்லாமல் மாட்டினால் என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்துவிட்டேன். எதுவோ வேலை செய்யவில்லை என்று யாரோ சத்தம் போடுவார்கள், மாட்டியவர் பதற்றத்தில் 'எல்லாவற்றையும் அனுமதி' என்று ஒரு ரூலை உச்சியில் வைப்பார், அது அங்கேயே நிலைத்துவிடும்.

இன்னொன்று, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்வது ஃபயர்வால் காதுக்கே எட்டாது. ஸ்விட்ச்சோடு முடிந்துவிடும். கேமராவும் சர்வரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும்வரை நீங்கள் போட்ட கட்டத்துக்கு வேலையே இல்லை. ஆகவே ஒவ்வொரு பிரிவையும் தனி வி-லேனில், அதாவது ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில், வையுங்கள். அதற்கு வி-லேன் தெரிந்த மேனேஜ்டு ஸ்விட்ச் வேண்டும், வை-ஃபை பெட்டியும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வி-லேன் என்று பிரிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை அப்படிப்பட்டவையா என்று ஞாயிறன்று கண்டுபிடிப்பதைவிட இன்றே பார்த்துவிடுங்கள்.

முகவரிகளையும் இப்போதே தீர்மானியுங்கள். உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிய மூன்று தொகுதிகள் 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய விதி ஆவணத்தில் இருக்கின்றன: 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை. இதில் 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை அந்த எண்களோடுதான் வருகின்றன. நாளைக்கு ஊழியர் வீட்டிலிருந்து வி.பி.என். (இணையத்தின் வழியே அலுவலகத்துக்குள் வரும் பூட்டிய பாதை) போட்டு நுழையும்போது இரு பக்கமும் ஒரே எண் என்றால், பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) அலுவலகத்துக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே சுற்றும். நான் 10.37 போன்ற யாரும் எளிதில் எடுக்காத ஓர் எண்ணை எடுத்து, மூன்றாவது எண்ணை வி-லேன் எண்ணாகவே வைப்பேன். 10.37.10 ஊழியர், 10.37.20 சர்வர், 10.37.30 பிரிண்டர், 10.37.40 கேமரா, 10.37.50 விருந்தினர். ஃபயர்வாலின் பதிவேடான லாகில் ஒரு முகவரியைப் பார்த்ததுமே அது எந்த ஆள் என்று தெரிந்துவிடும்.

ரூல் எழுதும்போது வரிசை முக்கியம். பெரும்பாலான பெட்டிகள் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். 'கேமராவுக்கு இணையம் தடை' என்பதை 'உள்ளிருந்து எல்லாம் அனுமதி' என்பதற்குக் கீழே எழுதினால் அந்தத் தடை ஒருநாளும் விழித்துக்கொள்ளாது. ஒவ்வொரு ரூலிலும் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். எதற்காக, யார் கேட்டு, எந்தத் தேதியில் என்று மூன்றையும் அங்கே எழுதுங்கள்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் 'டெம்ப்' என்ற பெயரில் ஒரு ரூல் இருந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு கணினியின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, அதாவது 3389 போர்ட்டுக்கு, வழி. கேட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். போட்டவருக்கு நினைவில்லை. எடுத்தால் எதுவும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் விட்டுவைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை இரவு அந்த வழியாக யாரோ நுழைந்து சர்வரில் இருந்த கோப்புகள் முழுவதையும் பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை என்னை அழைத்தார்கள். பேக்கப் வட்டும் அதே சர்வரில் செருகியிருந்தது. அந்த அறையில் நின்றிருந்தவர்களின் முகங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

கேள்வி: எங்கள் இணைப்பு 1 ஜிகாபிட். ஒரு பெட்டியின் விவரத்தாளில் 'ஃபயர்வால் வேகம் 5 ஜிகாபிட்' என்று இருக்கிறது. ஐந்து மடங்கு இருக்கிறதே, போதும்தானே?

போதாமல் போக வாய்ப்பிருக்கிறது. அந்த 5 எப்படி வந்தது என்று அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் தேடுங்கள். பெரும்பாலும் பெரிய பாக்கெட்டுகளை மட்டும் அனுப்பி அளந்திருப்பார்கள். ஃபயர்வாலுக்குச் சுமை பாக்கெட்டின் எடையில் இல்லை, எண்ணிக்கையில். 1 ஜிகாபிட் கம்பியை (கம்பியில் சேரும் 18 பைட் உறையோடு) 1518 பைட் பாக்கெட்டுகளால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 81 ஆயிரம் வரும். அதே கம்பியை 64 பைட் பாக்கெட்டுகளால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம். கம்பி ஒன்றுதான், வேலை பதினெட்டு மடங்கு. உங்கள் நிஜப் போக்குவரத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கும். குரல் அழைப்புகள் நிறைய என்றால் சின்ன பாக்கெட் பக்கம் சாயும்.

அதே தாளில் 'திரெட் புரொடெக்ஷன்' அல்லது அதுபோன்ற பெயரில் இன்னோர் எண் இருக்கும், முதல் எண்ணைவிட மிகவும் சிறியதாக. எல்லாப் பரிசோதனைகளையும் போட்டபின் கிடைக்கும் வேகம் அது. பரிசோதனைகளுக்காகத்தான் பெட்டி வாங்குகிறீர்கள் என்றால் அந்த எண்ணை மட்டும் பாருங்கள். வி.பி.என். வேகம் தனி, அதையும் பாருங்கள். வி-லேன்களாகப் பிரித்தபின் ஊழியருக்கும் சர்வருக்கும் நடுவே ஓடும் கோப்புகளும் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். இணையத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருள் போடலாமா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. எம்0என்0வால் என்ற சின்னத் திட்டத்திலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, அதிலிருந்து ஓபிஎன்சென்ஸ் பிரிந்து 2015 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. இரண்டும் ஃப்ரீபிஎஸ்டியை அடித்தளமாகக் கொண்டவை, ஆகவே நெட்வொர்க் கார்டு வாங்குமுன் ஃப்ரீபிஎஸ்டியில் அது நன்றாக ஓடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்டெல் கார்டுகளைத்தான் கேட்டு வாங்குவேன்.

கேள்வி: இணைய நிறுவனம் கொடுத்த மோடமே ரவுட்டராகவும் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஃபயர்வாலை வைத்தால் போதுமா?

இணையம் கிடைக்கும், ஆனால் முகவரி இரண்டு தடவை மாறும். வெளியே போவதற்குப் பெரிய சிக்கல் இல்லை. வெளியிலிருந்து வி.பி.என். வரும்போதுதான் வழி தெரியாமல் நிற்கும். மோடத்தை 'பிரிட்ஜ் மோட்'டுக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்றித் தரச்சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். அப்போது இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஃபயர்வாலில் பதிய வேண்டியிருக்கலாம், அதையும் கையோடு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் ஃபயர்வாலின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். 2012-இல் அதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. ஐ.பி.வி4-இல் (இந்த நான்கு எண் முகவரி முறையில்) வெளியிலிருந்து யாரும் உங்களை நேராக எட்ட முடியாது. நிலையான பொது முகவரி ஒன்று கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் திட்டமிடும்போது, மாட்டிய பிறகு இல்லை.

கேள்வி: ஃபயர்வால் மாட்டியதிலிருந்து சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன. கடவுச்சொல் போட்டதும் வெள்ளைத் திரை. பிங் (எதிர்முனை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமா?

அனுப்பாதீர்கள், பெட்டி நன்றாகத்தான் இருக்கும். உங்கள் இணைப்பு பி.பி.பி.ஓ.இ. (பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் முறை) என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நோய் அங்கேதான். சாதாரணமாக ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பி.பி.பி.ஓ.இ. தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. 1500-ஆக வரும் பாக்கெட் அந்த வாசலில் நுழையாது. 'பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு' என்ற செய்தி ஐ.சி.எம்.பி. என்ற தகவல் முறை வழியாக அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். வழியில் யாராவது 'பாதுகாப்பு' என்று ஐ.சி.எம்.பி. முழுவதையும் அடைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அவர் மறுபடி மறுபடி பெரிதாகவே அனுப்புவார், நீங்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிங் சின்ன பாக்கெட், அதனால் போய்விடுகிறது.

விண்டோஸ் கணினியில் இப்படிச் சோதியுங்கள்: பிங் கட்டளையோடு 'உடைக்காதே' என்ற தேர்வைச் சேர்த்து, அளவு 1472 வையுங்கள். தலைப்புக்கு 28 சேர்த்தால் 1500. போகாது. 1464 வையுங்கள், 28 சேர்த்தால் 1492. போகும். போனால் நோய் உறுதி. வெளிப்பக்கத்து போர்ட்டில் எம்.டி.யு.வை (பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 என்றும், எம்.எஸ்.எஸ். அளவை (தலைப்புகள் போக அதில் ஏறும் தரவு) 1452-க்கு மேல் போகாதபடியும் வையுங்கள். உங்கள் பக்கத்தில் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைத்த ரூல் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஐ.பி.வி6 (புது முகவரி முறை) இருந்தால் இது இன்னும் அவசியம், அங்கே ஐ.சி.எம்.பி. இல்லாமல் பக்கத்துக் கருவியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: கேமராக்களை வீட்டிலிருந்து பார்க்க போர்ட் திறந்துவிடச் சொல்கிறார், மாட்டியவர். செய்யலாமா?

வேண்டாம். 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடித்தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது 60 சொச்சம் பயனர்பெயர்–கடவுச்சொல் ஜோடிகள், அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளின் படை டைன் என்ற, தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் (டி.என்.எஸ்.) நிறுவனத்தின் மேல் பாய்ந்ததில் ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது, படம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

ஃபயர்வாலில் வயர்கார்டு வி.பி.என். வையுங்கள். வழக்கமாக யு.டி.பி. 51820. சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவருக்கு அது பதிலே சொல்லாது, அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியே தெரியாது. கைபேசியில் வி.பி.என்.னைப் போட்டுவிட்டுக் கேமராவைப் பாருங்கள். ஒரு தட்டு கூடுதல், அவ்வளவே.

கேள்வி: எச்.டி.டி.பி.எஸ். (மறையாக்கிய) பக்கங்களையும் திறந்து பரிசோதிக்கும் வசதியைப் போடலாமா? ஃபயர்வால் இருந்தால் ஆன்டிவைரஸ் வேண்டாம்தானே?

ஆன்டிவைரஸ் வேண்டும். பென்டிரைவில் வருவதை ஃபயர்வால் பார்ப்பதில்லை.

எச்.டி.டி.பி.எஸ். திறப்பை முதல் ஆறு மாதம் போடாதீர்கள். ஒவ்வொரு கருவியிலும் உங்கள் சான்றிதழை ஏற்ற வேண்டும், சில செயலிகள் அதை ஏற்காமல் நின்றுவிடும், பெட்டியின் வேகமும் சரியும். போட்டாலும் வங்கி, மருத்துவம் சார்ந்த தளங்களை விலக்கிவிடுங்கள். ஊழியருக்குத் தெரியாமல் அவருடைய பேச்சைத் திறந்து படிப்பது எனக்கு உடன்பாடில்லை. செய்வதென்றால் அவர்களிடம் எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: மாற்றுகிற நாளில் என்ன கவனிக்க வேண்டும்? கிளை அலுவலகத்தின் பெட்டியை இங்கிருந்தே அமைக்க நினைக்கிறேன்.

முந்தைய நாளே டி.எச்.சி.பி. குத்தகை நேரத்தை, அதாவது ஒரு கருவி கொடுத்த முகவரியை வைத்திருக்கும் காலத்தைப் பழைய ரவுட்டரில் பத்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருவிகள் பழைய முகவரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய ரவுட்டரை அப்படியே, அமைப்பு மாறாமல், பக்கத்தில் வையுங்கள். புதுப் பெட்டியை மாட்டியும் இணையம் வராவிட்டால் மோடத்தைச் சில நிமிடம் அணைத்துப் போடுங்கள், அது பழைய பெட்டியின் அடையாளத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம். 'இத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதை மாட்டிவிடுவோம்' என்று ஒரு நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த நேரம் வரும்போது 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று தோன்றும், தாளில் எழுதியதற்குக் கட்டுப்படுங்கள்.

தொலைவிலிருந்து அமைப்பதைப் பற்றி. என் ஐந்தாவது ஆண்டில் ஒரு கிளையின் ஃபயர்வாலில் இரவு 11 மணிக்கு ஒரு ரூலை மாற்றினேன். நான் உள்ளே நுழைந்திருந்த வழியையே அது அடைத்துவிட்டது. சேமி என்ற பொத்தானை அழுத்தியதும் திரை அசையாமல் நின்றது. ரிஃப்ரெஷ் செய்தேன், வரவில்லை. என்ன செய்துவிட்டேன் என்று புரிய அரை நிமிடம் ஆனது. மூன்று மணி நேரம் பயணம் செய்து, விடியற்காலையில் காவலரை எழுப்பி, கன்சோல் கேபிளை (பெட்டியோடு நேரடியாகப் பேசும் கம்பி) செருகி அந்த ஒரு வரியை எடுத்தேன்.

அன்றிலிருந்து தொலைவில் கைவைக்கும் முன் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி: ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று உண்டு, நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் 10 நிமிடத்தில் மாற்றம் தானே நீங்கிவிடும், மைக்ரோடிக்கில் 'சேஃப் மோட்' உண்டு, இணைப்பு அறுந்தால் மாற்றங்களைக் கழற்றிவிடும். இரண்டாவது, இந்தப் பெட்டியைச் சாராத இன்னொரு வழி, கைபேசி இணைப்பில் ஓடும் ஒரு கணினியிலிருந்து கன்சோல் கேபிள் போனாலும் போதும். மூன்றாவது, அங்கே நிஜமாக ஓர் ஆள், கையில் கைபேசியோடு, எந்தக் கேபிளைப் பிடுங்கி எங்கே செருக வேண்டும் என்று முன்பே ஒருமுறை செய்து பார்த்தவராக.

மூன்றில் ஒன்றுகூட உங்களிடம் இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. பெட்டியை உங்கள் மேசையிலேயே முழுவதும் அமைத்து, ஒரு மடிக்கணினியை வைத்துத் தாளில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் சோதித்து, அமைப்புக் கோப்பைப் பேக்கப் எடுத்துக்கொண்டு, நேரில் போய் மாட்டிவிட்டு வாருங்கள்.